முடிக்கு நிப், தோலுக்கு லைனர்: காட்டு விலங்கு முகங்களை மையில் வரைய எந்தப் பேனா?

பென்சிலில் யானை, சிறுத்தை என்று ஓரளவு கை பழகியவர்கள் மைக்கு மாறும்போது முதலில் கேட்பது எந்த பிராண்ட் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வரையப்போகும் விலங்கின் உடம்பில் கோடு எப்படி முடிகிறது? சிறுத்தையின் கன்னத்து முடி அடியில் தடித்து, நுனியில் மெலிந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போய்விடும். யானைத் தும்பிக்கையின் சுருக்கம் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடி, அடுத்த சுருக்கத்தில் போய் முட்டி நிற்கும். முதல் வகைக் கோட்டுக்கு ஒரு பேனா, இரண்டாவது வகைக்கு வேறொரு பேனா. விலையும் பிராண்டும் அதற்குப் பிறகு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து வரைபவர்களுக்கு இந்தத் தேர்வு ஆரம்பத்திலேயே வந்து நிற்கும். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமும் நம் பக்கத்துக் காடுகள். யானை, சிறுத்தை, கரடி, கடமான், புள்ளிமான், ஆற்றோரத்தில் நீர்நாயும் சாம்பல் நிற மலை அணிலும், ஒகேனக்கல்லில் முதலை. ஈர முடி, சடை முடி, குட்டை முடி, முடியே இல்லாத தோல், செதில் என்று மையில் வரைபவர் பழக வேண்டிய எல்லாப் பரப்பும் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

லைனர் பேனா

பெரும்பாலோர் முதலில் வாங்குவது, மெல்லிய பிளாஸ்டிக் முனையால் ஒரே தடிமனில் கோடு போடும் இந்தப் பேனாவைத்தான். சகுரா பிக்மா மைக்ரான், ஸ்டெட்லர் பிக்மென்ட் லைனர், யூனி பின் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. இவற்றில் இருப்பது நிறமித் துகள் கலந்த மை. காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் கரையாது, வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. மைக்ரான் மூடியில் உள்ள எண்ணை அப்படியே மி.மீ. கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 005 என்பது 0.20 மி.மீ.; 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. ஒட்டி ஒட்டி வரும் சைஸ்களில் காசைப் போட வேண்டியதில்லை. A4 அளவு முகத்துக்கு 005, 01, 05 மூன்றும் போதும்.

லைனரின் பலம், அது அழுத்தத்துக்கு அசையாமல் ஒரே தடிமனில் ஓடுவது. அதனால் நிழலைக் கணக்காகவே கட்டலாம். 01 பேனாவால் கோட்டுக்குக் கோடு 1 மி.மீ. தள்ளி இணைக்கோடுகள் போட்டால் காகிதத்தில் கால் பங்கு கறுப்பாகும். அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு போட்டால் பாதி கறுப்பாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஏற்கெனவே கறுப்பு என்பதால் சுமார் 44 சதவீதம்தான் வரும். மூன்றாவது அடுக்கில் 58, நான்காவதில் 68. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடக் குறைவாகவே இருட்டைக் கூட்டுகிறது. நான்கு அடுக்கு போட்டும் யானையின் காது மடிப்பு கறுக்கவில்லையே என்று ஐந்தாவது, ஆறாவது அடுக்கை அழுத்திப் போடுபவர்கள் காகிதத்தின் மேல்தோலைத்தான் உரிக்கிறார்கள். அந்த இடத்தில் 05ஐ எடுத்து, மிச்சமிருக்கும் வெள்ளை இடுக்குகளை நேரடியாக அடைத்துவிட வேண்டும்.

பலவீனமும் அதே சீரான தடிமன்தான். கோட்டின் இரண்டு முனையும் மொட்டையாக முடிவதால், லைனரில் மட்டும் வரைந்த சிறுத்தைக்கு முடி முளைத்தது போல் இராது, கம்பி குத்தியது போல் இருக்கும். 005ஐ வேகமாகச் சுண்டித் தூக்கினால் நுனி ஓரளவு மெலியும். ஆனால் முகம் முழுக்க ஆயிரக்கணக்கான முடிக்கும் அதே சுண்டலைக் கை ஒரே மாதிரி தராது. 005இன் முனை மெல்லிய பிளாஸ்டிக். சொரசொரப்பான காகிதத்தில் சீக்கிரம் தேயும், அழுத்தினால் உள்ளே போய்விடும். அதன் பிறகு சுற்றியுள்ள உலோகக் குழல் காகிதத்தைக் கீறத் தொடங்கும். மை தீரும் நிலையில் உள்ள லைனரைத் தூக்கி எறிய வேண்டாம். விட்டு விட்டு விழும் அதன் சாம்பல் கோடு, மலை அணிலின் வால் ஓரத்துக்கும் நீர்நாயின் தொண்டைப் பக்கத்து வெளிர் முடிக்கும் அருமையாகப் பயன்படும்.

பென்சில் கோட்டை அழிக்கும்போதும் கவனம் வேண்டும். கறுப்பின் மேல் ரப்பரை வைத்துத் தேய்த்தால் மை ஒரு படி மங்கிவிடும். ஆகவே 2H பென்சிலில் அழுத்தாமல் வரைந்து, பிசையும் ரப்பரால் ஒற்றி ஒற்றி, கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மையைத் தொட வேண்டும்.

டிப் பென்

மையில் தொட்டுத் தொட்டு வரையும் நிப் பேனா. பழக நாளாகும், மேசையில் மை சிந்தும், பயணத்துக்குத் தோதுப்படாது. இருந்தும் முடியுள்ள விலங்கை முகத்தளவில் பெரிதாக வரைய நினைப்பவர்களுக்கு இதற்கு ஈடான மாற்று இல்லை என்பதே என் தீர்மானமான கருத்து. அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கிறது; கையைத் தூக்கத் தூக்க கால்கள் சேர்ந்து கோடு ஊசி முனையாக முடிகிறது. முடியின் வடிவமும் அதுவேதான்.

நிப்பிலேயே தேர்வு இருக்கிறது. காமிக்ஸ் வரைபவர்கள் பயன்படுத்தும் ஜி நிப், ஜீப்ரா அல்லது நிக்கோ எதுவானாலும், விறைப்பானது. கை அழுத்தத்தைத் தாங்கும். புதியவர்களுக்கு இதுதான் சரி. கை லேசான பிறகு கில்லட் 303, 290 போன்ற நெகிழ்வான நிப்களுக்குப் போகலாம். ஹன்ட் 102 மிக மெல்லிய கோடு தரும். ஆனால் அது சிறிய குழல் வடிவ நிப் என்பதால் வழக்கமான ஹோல்டரில் பொருந்தாது, தனி ஹோல்டர் வேண்டும். நிப்பை ஆர்டர் போட்டுவிட்டு ஹோல்டரை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

புது நிப்பில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதோடு மையில் தொட்டால் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும், முதல் கோட்டிலேயே சொட்டாக விழும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷும் கொண்டு இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். தொட்டு எடுத்த மை நிப்பின் மேல் ஒரே படலமாகப் படிந்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள். தீக்குச்சியில் வாட்டுபவர்களும் உண்டு. அது எஃகின் விறைப்பைக் கெடுக்கும் என்பதால் சோப்பே மேல்.

நிப்பின் நடுவில் உள்ள துளை மூழ்கும் வரை தொட்டால் போதும். பாட்டில் விளிம்பில் லேசாகத் தொட்டு மிகுதி மையை இறக்கிவிட்டு, முதல் கோட்டை வேண்டாத தாளில் போட்டுப் பார்த்துவிட்டே படத்துக்கு வர வேண்டும். கோட்டை எப்போதும் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் நிப்பின் முனை காகிதத்தில் குத்தி, மைத் துளிகளை முகம் முழுக்கத் தெறிக்கும். எனவே கையைத் திருப்பாமல் தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தாளை மேசையில் ஒட்டிவிடக் கூடாது.

முடி வரையும் முன், முடி எந்தப் பக்கம் படிகிறது என்பதைப் பென்சிலால் சிறு அம்புக்குறிகளாகக் குறித்துக்கொள்வது படத்தின் பாதி வேலை. சிறுத்தையில் மூக்குத் தண்டின் நடுவில் தொடங்கும் முடி நெற்றி வழியாக மேலேறி, காதுகளுக்கு நடுவே பின்னால் போகும்; கண்ணுக்குக் கீழே பக்கவாட்டில் விரிந்து கன்னத்தில் கீழிறங்கும். A4 தாளை நிறைக்கும் முகத்தில் மூக்குத் தண்டில் கோட்டின் நீளம் 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நெற்றியில் 4 முதல் 6. கன்னத்திலும் தாடையடியிலும் 12 முதல் 15 வரை. எல்லா முடியும் ஒரே கிடைக்கோட்டில் தொடங்கினால் கூரை வேய்ந்தது போல வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் பக்கத்துக் கோட்டின் பாதியில் தொடங்க வேண்டும், ஐந்தாறுக்கு ஒன்று சற்றே கோணம் மாறி அடுத்ததன் மேல் சாய வேண்டும். சிறுத்தையின் உடலில் உள்ள பூ வடிவப் புள்ளிகள் முகத்துக்கு வரும்போது சிறு திட்டுகளாகிவிடும். அவற்றையும் வட்டம் போட்டு நிரப்பக் கூடாது. அந்த இடத்தில் முடியை அதே திசையில் நெருக்கிப் போட்டால் திட்டு தானாக உருவாகும். விளிம்பும் முடியாகவே முடியும்.

கோளாறுகள் பெரும்பாலும் மூன்று காரணத்தில் அடங்கும். கோடு திடீரென்று தடித்து மங்கலானால் நிப்பின் கால்களுக்கு நடுவே காகித நார் சிக்கியிருக்கிறது. ஈரத் துணியில் துடைத்து எடுக்க வேண்டும். கோடு நடுவில் வெள்ளை விட்டு இரண்டாகப் பிளந்தால் மை போதவில்லை அல்லது அழுத்தம் அதிகம். தொட்டும் மை இறங்காவிட்டால் அது நிப்பிலேயே காய்ந்துவிட்டது.

இந்த மூன்றாவது தொல்லை நம் ஊர்ப் பக்கம் அதிகம். மார்ச் முதல் மே வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி சமவெளியின் உலர்ந்த சூட்டில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால், யோசித்துவிட்டு அடுத்த கோட்டைப் போடுவதற்குள் நிப் முனையில் மை தோல் கட்டிவிடும். உயரமான இடமான ஓசூர், தளி பக்கம் இந்த அவஸ்தை குறைவு. விசிறியை நிறுத்திவிட்டு விடியற்காலையிலோ இரவிலோ வரைவது நல்லது. ஏழெட்டு முறை தொட்டதற்கு ஒரு தடவை ஈரத் துணியால் நிப்பைத் துடைக்க வேண்டும். பாட்டிலிலிருந்து நேரடியாகத் தொடாமல் ஒரு ஸ்பூன் அளவு மையைச் சின்ன மூடியில் ஊற்றி, கெட்டியானால் இரண்டொரு சொட்டு தண்ணீர் விடலாம். அந்தத் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்புகள் மையைத் திரிய வைத்துவிடும். திரிந்த மை நிப்பில் குருணையாகத் தங்கும். மூடியை ஒரு டபராவுக்குள் வைத்துக்கொண்டால் கை தட்டினாலும் படத்தின் மேல் கொட்டாது.

மை என்றால் வாட்டர்ப்ரூஃப் ட்ராயிங் இங்க் அல்லது இந்தியன் இங்க் என்று கேட்டு வாங்க வேண்டும். கேம்லின் ட்ராயிங் இங்க் ஸ்டேஷனரி கடைகளில் கேட்டுப் பார்க்கக் கூடியது. ஃபவுண்டன் பேனாவுக்கு விற்கும் சாதாரண கறுப்பு மை சாயத்தால் ஆனது. வியர்வைக் கை பட்டாலே கரையும். எதிர்த் தவறு இன்னும் செலவு வைக்கும்: அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளே உறைந்து பேனாவே வீணாகிவிடும்.

பால்பாயிண்ட்டும் ஜெல்லும்

பத்து ரூபாய் பால்பாயிண்ட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். மற்ற எந்தப் பேனாவுக்கும் இல்லாத குணம் ஒன்று இதற்கு உண்டு: அழுத்தத்தைக் குறைத்தால் கோடு மெலிவதோடு வெளிறவும் செய்யும். கிட்டத்தட்ட பென்சில் போலவே வெளிரிலிருந்து அடர்த்திக்குப் படிப்படியாகப் போகலாம். புள்ளிமானின் வழவழப்பான கழுத்து, நீர்நாயின் ஈரத் தலை போன்ற, முடி தனித்தனியாகத் தெரியாத பரப்புகளில் பால்பாயிண்ட் தரும் மென்மையை லைனரால் தர முடியாது.

அதன் தொல்லை, குண்டு முனையில் சேரும் மைக்கட்டி. நாலைந்து கோட்டுக்கு ஒரு முறை பேனாவை விரலில் சுழற்றி டிஷ்யூவில் துடைத்தால் கட்டி படத்தில் விழாது. இன்னொன்று, இது சாய மை, வெளிச்சத்தில் வெளுக்கும். நீங்கள் வாங்கிய பேனா எவ்வளவு தாங்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்: ஒரு துண்டுக் காகிதத்தில் அடர்த்தியாகக் கிறுக்கி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சித்திரை மாதம் முழுக்க ஒட்டி வையுங்கள். மாதக் கடைசியில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பேனாவால் வரைந்ததைச் சுவரில் மாட்டக் கூடாது, விற்கவும் கூடாது. பயிற்சிக்கும், ஸ்கேன் செய்து பிரிண்ட் போடுவதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஜெல் பேனாவில் கறுப்பைவிட வெள்ளைதான் முக்கியம். மீசை முடி, கண்ணில் பட்ட ஒளி, கரடியின் மூக்கு ஈரம் ஆகியவற்றைக் கடைசியில் சேர்க்க யூனிபால் சிக்னோ வெள்ளை உதவும். அடியில் உள்ள கறுப்பு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை கலங்கிச் சாம்பலாகிவிடும்.

மற்றவை

ராட்ரிங் போன்ற, மெல்லிய குழல் முனையுள்ள டெக்னிக்கல் பேனாக்கள் லைனரின் வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும், மை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சில வாரம் சும்மா கிடந்தால் குழல் அடைத்துக்கொள்ளும். தினமும் வரையாதவர்கள் வாங்க வேண்டாம். ஃபவுண்டன் பேனாவில் பிளாட்டினம் கார்பன் போன்ற, அதற்கென்றே செய்த நிறமி மையை ஊற்றிக்கொண்டால் வெளியூர் போய் ஸ்கெட்ச் செய்ய வசதி. முகம் முழுக்க வரைந்து முடிக்கும் அளவுக்கு நிப் நெகிழாது.

கரடி வரைபவர்களுக்குப் பிரஷ் அவசியம். நம் காட்டுக் கரடியின் பிடரியிலும் தோளிலும் நீண்டு தொங்கும் கறுப்புச் சடையை நிப்பால் ஒவ்வொன்றாகப் போட்டால் வேலையும் முடியாது, கறுப்பும் கெட்டிப்படாது. 2ஆம் எண் உருண்டைப் பிரஷ்ஷில் மையைத் தொட்டு, துணியில் ஒற்றி, முடிக்கற்றையைப் பிரியவிட்டு இழுத்தால் ஒரே இழுப்பில் பத்துப் பதினைந்து முடி விழும். முகத்தின் முன்பாதியில் முடி குறைவு, நிறமும் வெளிர். அங்கே நிப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

ஸ்க்ராட்ச்போர்டு முறையே தலைகீழ்: வெள்ளைக் களிமண் பூசிய அட்டையின் மேல் கறுப்பு மை, அதைக் கூரிய முனையால் சுரண்டினால் வெள்ளைக் கோடு. இருட்டில் வெளிச்சம் பட்ட சிறுத்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடையாது. மீசைக்கு வெள்ளைப் பேனாவே தேவையில்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளையில் தீட்டிய குதிரை வீரர் உருவங்கள் இருக்கின்றன. கரிய பரப்பின் மேல் வெள்ளைக் கோடு எவ்வளவு தொலைவுக்குப் பேசும் என்பதை அங்கே பார்க்கலாம். ஸ்க்ராட்ச்போர்டில் சிக்கல், அட்டை கிடைப்பது அரிது, கூரியரில் மூலை நசுங்கும், வளைந்தால் பூச்சு வெடிக்கும். மெழுகுக் கிரேயானின் மேல் கறுப்பு போஸ்டர் கலர் பூசி வீட்டில் செய்வது குழந்தைகளுக்குச் சரி. நுண்ணிய முடிக்கு மெழுகு பிசிறடிக்கும். சுரண்டும்போது எழும் தூளை ஊதாமல் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும், அது மூச்சுக்குள் போகக் கூடாது.

காகிதம்

நல்ல நிப்பும் தவறான தாளும் சேர்ந்தால் பழி நிப்பின் மேல் விழும். பள்ளி ட்ராயிங் நோட்டுத் தாளில் மை நார் வழியே ஊர்ந்து, முடி நுனி பூச்சிக்கால் போல் பிரியும். கார்ட்ரிஜ் தாள் லைனருக்கு ஓரளவு சரி, நிப்புக்குச் சொரசொரப்பு அதிகம். எளிதில் கிடைப்பதில் வழவழப்பானது ஐவரி அட்டை. கோடு கூர்மையாக நிற்கும். ஆனால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால் காய நேரமெடுக்கும், கை பட்டால் இழுவிக்கொள்ளும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு தாள் வேண்டும், கோடை வியர்வைக்கும் அதுவே காப்பு. முடிந்தால் பிரிஸ்டல் போர்டு என்னும் வழவழப்பான கெட்டித் தாள், அல்லது 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் (சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய) வாட்டர்கலர் தாள். இரண்டாவதில் இன்னொரு நன்மை, தவறிய கோட்டையும் சிந்திய சொட்டையும் புது பிளேடால் மெல்லச் சீவி எடுத்துவிட்டு, நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

எந்தத் தாளை வாங்கினாலும் ஓரத்தில் இப்படிச் சோதியுங்கள்: நிப்பால் மெல்லிய கோடு நான்கு, அவற்றை வெட்டும் தடித்த கோடு நான்கு. வெட்டும் மூலைகளை லென்ஸில் பார்த்தால் சதுரமாக இருக்க வேண்டும். மூலை உருண்டிருந்தால் மை பரவுகிறது, அந்தத் தாள் முடிக்கு ஆகாது.

கோடா, புள்ளியா

பேனாவோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டியது இது. புள்ளி வைத்து நிழல் கட்டும் முறையைத் தொடங்கும் முன் ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 0.3 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளியின் பரப்பு சுமார் 0.07 சதுர மி.மீ. ஒரு சதுர செ.மீ. இடத்தில் 30 சதவீதக் கருமை வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 424 புள்ளிகள். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்புக்கு 42,000க்கும் மேல். நொடிக்கு இரண்டு புள்ளி வைத்தாலும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், அதுவும் நடுத்தரச் சாம்பலுக்கு மட்டும். அவசரப்பட்டால் புள்ளிக்கு வால் முளைக்கும், வால் முளைத்த புள்ளி அழுக்கு போலத் தெரியும். எனவே முழு முகத்தையும் புள்ளியில் வரைவதைவிட, புள்ளி பிறந்ததே இதற்குத்தான் என்று சொல்லும்படியான இடங்களுக்கு ஒதுக்குவது நல்லது: முதலையின் மூக்குத் துவாரத்தைச் சுற்றியுள்ள தோல், சிறுத்தையின் மூக்கு நுனி, வயதான யானையின் காதோரத்திலும் தும்பிக்கையிலும் நிறம் போய் வெளுத்திருக்கும் திட்டுகள். அந்தத் திட்டுகளைக் கோட்டால் காட்ட முயன்றால் தோல் நோய் மாதிரி ஆகிவிடும்.

கண்ணில் தொடங்குங்கள்

கண் தவறினால் மற்றதெல்லாம் வீண். முதலில் கண்ணை வரைந்தால் தவறு தெரிந்தவுடன் தாளை மாற்றிக்கொள்ளலாம். சிறுத்தையின் கண்மணி வட்டம். மானுக்குக் கிடைமட்ட நீள்வடிவம். முதலைக்குச் செங்குத்துக் கீற்று. மூன்றையும் வட்டமாகவே போட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. முகம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மான் பொம்மையாகிவிடும்.

சிறுத்தைக் கண் ஒன்றை 15 மி.மீ. அகலத்தில் எடுத்துக்கொள்வோம். ஒளி விழும் சிறு இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்து, அதை மை தொடாமல் காக்க வேண்டும். கண்மணியை 05ஆல் முழுக் கறுப்பாக நிரப்பி, அதன் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக 005ஆல் மிகச் சிறு ஆரக் கோடுகள். அவை கருவிழியின், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தின், பாதியைத் தாண்டக் கூடாது. மேல் இமையின் நிழல் கருவிழியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் விழும்; அங்கே குறுக்குக் கோடு இரண்டு அடுக்கு. இந்த நிழலை விட்டுவிட்டால் விலங்கு திகைத்து விழிப்பது போலாகும். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குப் பக்கம் இறங்கும் கறுப்பை நிப்பால், முடியாகவே இழுத்து முடிக்க வேண்டும்.

யானைக்கு அளவு ஏமாற்றும். தலைக்கு அதன் கண் மிகச் சிறிது. மனிதக் கண் பழக்கத்தில் பெரிதாகப் போட்டால் யானை குட்டியாகிவிடும். கண்ணைச் சுற்றி வளையம் வளையமாகச் சுருக்கங்கள், நீண்ட இமைமுடி கீழ்நோக்கி. ஆசிய யானையின் நெற்றி மேலே இரட்டை மேடாக இருக்கும், நடுவில் பள்ளம். தும்பிக்கை நுனியில் விரல் போன்ற முனை ஒன்றுதான். இணையத்தில் கிடைக்கும் ஆப்பிரிக்க யானைப் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு ஜவளகிரி யானை என்று பெயர் வைத்தால், அங்கே தினமும் யானையைப் பார்க்கும் விவசாயி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். தும்பிக்கைச் சுருக்கங்களை நேர்க்கோடாகப் போடாமல் உருளையைச் சுற்றி வளைத்துப் போட வேண்டும். ஒளி விழும் பக்கத்தில் கோட்டை அறுத்துவிட்டு நிழல் பக்கத்தில் தொடர்ந்தால் தும்பிக்கை உருண்டு நிற்கும்.

மாதிரிப் படத்துக்கு ஒரு வார்த்தை. ஒகேனக்கல் முதலைகள் மறுவாழ்வு மையத்தில் முதலையையும், பன்னேர்கட்டா பூங்காவில் கரடி, சிறுத்தையையும் நேரில் பார்த்து ஸ்கெட்ச் எடுக்கலாம். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராகி அறுவடைக் காலத்தில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வயல்வெளிக்கு வரும் யானைகளை நெருங்கிப் போய்ப் படமெடுப்பது உயிருக்கே ஆபத்து, யானையையும் மிரட்டும். மற்றவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததை விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ போகிறீர்கள் என்றால் எடுத்தவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதை முதலில் வாங்குவது

யானை, முதலை என்று தோல் விலங்குகளில்தான் மனம் என்றால் 005, 01, 05 லைனர் மூன்றும் ஐவரி அட்டையும். நிப் இப்போதைக்கு வேண்டாம். சிறுத்தை, மலை அணில், கடமான் என்றால் ஜி நிப் இரண்டு, ஒரு ஹோல்டர், வாட்டர்ப்ரூஃப் ட்ராயிங் இங்க் ஒரு பாட்டில், ஹாட் பிரஸ் தாள். கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் 005 ஒன்று. நிப்பும் ஹாட் பிரஸ் தாளும் உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு பக்கம், மற்றவர்களுக்கு ஆன்லைன். கரடிக்கு இதோடு 2ஆம் எண் பிரஷ். இன்னும் எந்த விலங்கு என்று முடிவாகாதவர்கள் பால்பாயிண்ட்டில் ஒரு நோட்டு நிறைய முடித் திசையை மட்டும் பழகலாம்; அந்தப் பழக்கம் எந்தப் பேனாவுக்குப் போனாலும் கூடவே வரும்.

இடது கைக்காரர்கள் நிப் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. தாளை வலப்பக்கமாகச் சாய்த்து, படத்தை வலமிருந்து இடமாக முடித்துக்கொண்டு வந்தால் கை ஈர மையின் மேல் போகாது. நிப்பை ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தவுடன் கழுவி, துடைத்து, ஹோல்டரிலிருந்து கழற்றி வையுங்கள். ஹோல்டருக்குள் ஈரத்தோடு விட்ட நிப், வெளியே பளபளப்பாக இருந்தாலும் அடியில் துருவேறி, அடுத்த முறை உருவும்போது ஒடியும்.